வாக்கியத்தைப் படத்தோடு பொருத்துவது மட்டும் வாசிப்பாகுமா? நிலைப்பாட்டு அறிக்கை

வட்டாரக் கூட்டத்தில் அறிவிக்கப்பட்ட முடிவு எங்கள் ஆசிரியர் அமைப்பின் உறுப்பினர்கள் அனைவரும் அறிந்ததே. இனி 5 வாக்கியமும் 5 படமும் கொண்ட பொருத்துத் தாள் ஒன்றே குழந்தையின் வாசிப்பு நிலையைத் தீர்மானிக்கும். குழந்தையை அருகில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பது ஆசிரியரின் விருப்பமாம். பொருத்துதல் பயிற்சியை எங்கள் அமைப்பு எதிர்க்கவில்லை. செயல்வழிக் கற்றல் அட்டைகளின் காலத்திலிருந்து அதை வகுப்பறையில் பயன்படுத்தி வருபவர்கள் நாங்கள். பயிற்சிக்காக வந்த தாளை அளவுகோலாக மாற்றியதைத்தான் எதிர்க்கிறோம்.

அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ‘யானை குளத்தில் குளிக்கிறது’ என்று ஒரு வாக்கியம். எதிரே யானை, கோழி, பேருந்து, பாட்டி, மாம்பழம். தாள் முழுக்க யானை ஒன்றே ஒன்றுதான். ‘யா’ என்ற எழுத்து தெரிந்த குழந்தை கோடு போட்டுவிடும். குளத்தையும் குளிப்பதையும் அது பார்க்கவே வேண்டியதில்லை. நான்கு பொருந்திவிட்டால் ஐந்தாவது தானாகப் பொருந்தும். மூன்று மட்டும் தெரிந்தாலும், மீதி இரண்டும் சரியாக அமையப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. தமிழுக்கு இது கூடுதல் ஆபத்து. யார் யாரை என்ன செய்தார் என்பது தமிழில் சொல்லின் கடைசியில்தான் தெரியும். ‘நாய் பூனையைத் துரத்துகிறது’, ‘நாயைப் பூனை துரத்துகிறது’ என்ற இரண்டிலும் சொற்கள் அதே வரிசையில்தான் நிற்கின்றன. ஐ உருபு இடம் மாறியதும் துரத்துவது யார், ஓடுவது யார் என்பது தலைகீழாகிவிடுகிறது. மரத்தில், மரத்திலிருந்து, ஓடினான், ஓடினாள், ஓடினார்கள் எல்லாமே இப்படித்தான். நாய் துரத்தும் படம் ஒன்றும் பூனை துரத்தும் படம் ஒன்றும் அருகருகே இருந்தால், கடைசி எழுத்து வரை வாசித்த குழந்தைதான் சரியானதைத் தொடும். பல், பால் என்று குறில் நெடிலுக்கும், பல்லி, பள்ளி என்று லகர ளகரத்துக்கும் இதே போல் படம் வரையலாம். அப்படி அமைந்த தாளில் தவறாகப் போட்ட கோடுகூட, குழந்தை எந்த எழுத்தில் நின்றுவிட்டது என்று ஆசிரியருக்குக் காட்டிக்கொடுக்கும். வந்திருக்கும் தாளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. முதல் எழுத்தோடு நின்றுவிட்ட குழந்தையின் பெயருக்கு நேரே மேல்நிலையைக் குறிக்கும் ‘மலர்’ என்று எழுதிவிட்டால், அதற்கு வேண்டிய தொடக்கநிலை ‘அரும்பு’ப் பயிற்சி அதன் பிறகு கிடைக்காது. நான்காம் வகுப்பில் சமூக அறிவியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அது வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு, ஏன் கற்பிக்கவில்லை என்று எங்களைத்தான் கேட்பார்கள். அந்தக் குழந்தைக்குச் செய்யும் துரோகம் இது. இதைவிட மென்மையான சொல்லைத் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை.

படத்தைப் பார்த்து ஊகிப்பதும் வாசிப்பின் பகுதிதானே என்று கூட்டத்தில் கேட்கப்பட்டது. வாசிப்பை ஊக விளையாட்டு என்று கென்னத் குட்மன் 1967-இல் எழுதினார் என்பது உண்மை. ஆனால் அதே 1967-இல் சாமுவேல்ஸ் வெளியிட்ட ஆய்வில், படத்தோடு சொற்களைக் கற்ற குழந்தைகளைவிடப் படமில்லாமல் கற்றவர்களே பிறகு அந்தச் சொற்களைக் கூடுதலாக அடையாளம் கண்டார்கள். சூழலை வைத்து ஊகிப்பதை அதிகம் நம்பியிருப்பது வாசிப்பில் பின்தங்கியவர்களே என்று 1980-இல் ஸ்டானோவிச் விளக்கினார். 1986-இல் கஃப், டன்மர் இருவரும் வாசிப்பை ஒரு பெருக்கலாகவே சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மறு பக்கம், ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். இவை ஆங்கிலம் படிக்கும் குழந்தைகளை வைத்துப் பேசுபவை என்ற மறுப்பை ஏற்கிறோம். ஆனால் ஆங்கிலத்தைவிட எழுத்தும் ஒலியும் நெருங்கி நிற்கும் மொழி தமிழ். இங்கே எழுத்துக்கூட்டக் கற்ற குழந்தைக்கு ஊகத்தின் துணை இன்னும் குறைவாகத்தானே தேவைப்பட வேண்டும்?

நேரம் இல்லை என்பது நியாயமான கவலை. மூன்று வகுப்புகளை ஒருவரே வைத்துக்கொண்டு திணறும் பள்ளிகள் எங்களுக்குத் தெரியும். ஆயினும் 3 வாக்கியம் வாசிக்கக் கேட்க ஒரு குழந்தைக்கு ஒரு நிமிடம் போதும். 30 குழந்தைகளுக்கு அரை மணி. நகலுக்கு நகல் எடுத்து யானையும் பேருந்தும் ஒரே கறுப்புத் திட்டாகிவிட்ட தாளைத் திருத்துவதற்கும் நேரம் ஆகத்தான் செய்கிறது. படங்களை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்ற கருத்தை எங்கள் அமைப்பில் பெரும்பான்மையோர் ஏற்கவில்லை. பேசத் தயங்கும் குழந்தைக்குப் பொருத்துதல் நல்ல வழி என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

எனவே, பொருத்துத் தாளின் மதிப்பெண் வாய்விட்டு வாசித்ததன் பதிவோடு சேர்த்தே கணக்கிடப்பட வேண்டும். தாள்கள் கூடுமானவரை ஒரே பெயர்ச்சொல்லுக்கு இரண்டு படமாவது உள்ளவையாகத் திருத்தப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம். ‘கூடுமானவரை’ என்பது நீண்ட விவாதத்துக்குப் பிறகு சேர்க்கப்பட்ட சொல். புறக்கணிப்பு என்ற சொல்லைச் சிலர் முன்மொழிந்தார்கள். இப்போதைக்கு அதைத் தவிர்த்திருக்கிறோம். பதில் வரும்வரை உறுப்பினர்கள் தாளை நடத்துவார்கள், மதிப்பெண்ணையும் பதிவார்கள். வாசிக்கக் கேட்காத ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு நேரேயும் பதிவேட்டில் ‘வாசிக்கக் கேட்கவில்லை’ என்று தங்கள் கையெழுத்திலேயே எழுதி வைப்பார்கள்.