எவ்வளவு வளர்ந்தால் போதும்?



வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் தொழிலாளரை ஏற்றிய கம்பெனிப் பேருந்துகள் இரவும் பகலும் ஓடுகின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அதன் பின்னர் நம் பகுதி அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டது. பிறர் களத்தில் கைகட்டி நின்றவர்களின் பிள்ளைகள் இன்று மாதச் சம்பளம் பெறுகின்றனர். இது இறைவன் தந்த நன்மையே. ஆதலால் தொழிற்சாலையே வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை.

ஆயினும், இவ்வளர்ச்சி முடிவின்றித் தொடரக்கூடுமா? தொடர்வது நல்லதா?

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 7 விழுக்காடு வளரும் ஒன்று, ஏறக்குறைய பத்தாண்டில் இரட்டிப்பாகிறது. பத்து முறை இரட்டித்தால் ஒன்று ஆயிரமாகும். பொருள் ஆயிரம் மடங்கு பெருகலாம். பாலாறு ஆயிரம் மடங்கு பெருகுமா? ஏரிகளுக்குப் பெயர் பெற்ற செங்கற்பட்டுச் சீமையில் புதிதாக நிலம் முளைக்குமா? 2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத்திற்கு 5,000 ஏக்கருக்கு மேல் தேவை என்றனர். வயலும் ஏரியும் அதனுள் அடங்கும். ஏகனாபுரம் மக்கள் தம் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது இதனாலன்றோ?

வளர்ச்சி நிலையானதும் அன்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம் பெண்களும் வேலையிழந்தனர். எட்டே ஆண்டுகள்! ஒரு தென்னை நன்கு காய்க்கத் தொடங்கும் காலம்.

தஞ்சையில் 1892இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா, காந்தியடிகளின் பொருளியல் துணைவர். அவர் சிறையிலிருந்து எழுதிய நூலுக்கு நிலைத்த பொருளாதாரம் என்பதே பொருளாக அமைந்தது. எடுத்ததை இயற்கைக்குத் திருப்பித் தராத வாழ்வு நிலைக்காது என்பது அவர் கருத்து. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1967இல், முன்னேற்றம் என்பது வெறும் பொருள் பெருக்கமன்று, முழு மனிதனின் உயர்வு என்று கற்பித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் மேலும் ஒருபடி சென்றார். ஏழை நாடுகள் நலமுடன் வளரும் பொருட்டு, உலகின் சில பகுதிகள் தம் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது என்றார்.

இங்கேதான் நாம் கவனமாயிருக்க வேண்டும். போதுமென்ற மனம் வேண்டும் என்று ஏழைக்கு உபதேசிப்பது எளிது. ஒப்பந்தக் கூலியில் வாடும் இளைஞனிடமும், கூரை ஒழுகும் வீட்டாரிடமும் அதைச் சொல்வது அநீதி. அவர்கள் இன்னும் வளர வேண்டியவர்கள். நம் ஆண்டவர் அறிவிலி என்று கடிந்துரைத்தது பசித்தவனையன்று. நிறைந்த களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட செல்வனையே. பழைய ஏற்பாட்டுச் சட்டமும் ஏழாம் ஆண்டில் நிலத்திற்கு ஓய்வு தந்தது. தானாய் விளைந்ததை எளியோர்க்கு விட்டது. எல்லையும் பங்கீடும் ஒரே கட்டளையில் இணைந்திருப்பதைக் காண்க.

ஆகவே பெற்றோரே, கிராம சபை கூடும் நாளில் தவறாது செல்லுங்கள். புதிய திட்டம் எதுவாயினும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: யாருக்கு வேலை? எத்தனை ஆண்டுக்கு? எந்த ஏரியின் நீர்? வீட்டில் புதிய பொருள் வாங்குமுன் பிள்ளைகளுடன் அமர்ந்து, பழையது உழைக்காதா என்றும் கேட்டுப் பாருங்கள். களஞ்சியத்தின் அளவை நாம் குறித்தால்தான் அண்டை வீட்டாரின் பங்கு மிஞ்சும்.