முத்திரை குத்தும் கை

அரசு என்றதும் நம் நினைவுக்கு வருவன கோட்டையும் கொடியும், அவையும் அமைச்சரும். ஆனால் வேற்று நாட்டிலிருந்து வந்து வாயிலில் நிற்கும் ஒருவனுக்கு அரசு என்பது ஒரு மேசை; மேசைக்குப் பின்னே அமர்ந்திருக்கும் ஓர் அதிகாரி; அவர் கையிலுள்ள முத்திரை. எங்கிருந்து வருகிறாய்? எதற்காக வருகிறாய்? எத்தனை நாள் தங்குவாய்? திரும்பிச் செல்ல வழி உண்டா? இந்த நான்கு கேள்விகளில் நாட்டின் கதவு திறக்கிறது, அல்லது மூடிக்கொள்கிறது.

உல்லாசப் பயணிக்கு இக்கேள்விகள் உறுத்துவதில்லை. வணிகரும் மாணவரும் விடையோடு வருகின்றனர். நான்காவது கேள்வியைக் கேட்டதும் நா உலர்ந்து நிற்பவன் ஒருவன் உண்டு. திரும்பினால் சிறை, திரும்பினால் சாவு என்று ஓடி வந்தவன் அவன். சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் அவனுக்கு ஒரு விடை. அவன் முகத்தைப் பார்த்தால் வேறொரு விடை. இவ்விரண்டுக்கும் இடையே நின்ற ஓர் அதிகாரியின் வரலாற்றை இந்த ஞாயிறன்று உங்கள் முன் வைக்கிறோம்.

அவர் பெயர் பவுல் குரூனிங்கர். சுவிட்சர்லாந்தின் கிழக்கு எல்லையில், ஆஸ்திரியாவை ஒட்டிக் கிடக்கும் சென்காலன் மாநிலத்தின் காவல்துறைத் தலைவர். பள்ளி ஆசிரியராக இருந்து காவல்துறைக்கு வந்தவர், இளமையில் கால்பந்தாட்டக்காரர்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. வியன்னா வீதிகளில் யூதர்களை மண்டியிடச் செய்து, தரையைத் தேய்க்க வைத்து, சுற்றி நின்று சிரித்தது ஒரு கூட்டம். கடை பறிபோயிற்று, வேலை பறிபோயிற்று. எஞ்சியிருந்தது உயிர் ஒன்றே. அதைக் காத்துக்கொள்ள எல்லையை நோக்கி ஓடினர். அவ்வாண்டு ஜூலையில், பிரான்சு நாட்டின் எவியான் நகரில், 32 நாடுகளின் பேராளர்கள் கூடி அகதிகளைப்பற்றிப் பேசினர். இரக்க மொழிகளுக்குப் பஞ்சமில்லை. இடம் தர முன்வந்தோர் மிகச் சிலர். ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தும் தன் கதவை அடைத்தது. நுழைவிசைவு இன்றி வருவோரைத் திருப்பி அனுப்புக என்று ஆணை பிறந்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனியுங்கள். ஜெர்மன் கடவுச்சீட்டு உடையவர் சுவிட்சர்லாந்துக்குள் வர அன்று நுழைவிசைவு தேவையில்லை. சீட்டைப் பார்த்த அளவில் யூதர் யார், மற்றவர் யார் என்று எல்லையில் நின்ற காவலருக்குத் தெரியாது. எல்லா ஜெர்மானியருக்கும் தடை போட்டால் வாணிபம் என்னாவது? நட்பு என்னாவது? இரு நாட்டு அதிகாரிகளும் கலந்து பேசினர். 1938 செப்டம்பர் இறுதியில் வழி ஒன்று கண்டனர். யூதர் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து ‘ஜே’. அந்த எழுத்தை யூதரின் கடவுச்சீட்டில் சிவப்பாகப் பொறித்துவிடுவது!

ஓர் எழுத்து, தோழர்களே! இனி எல்லை அதிகாரி முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கதையைக் கேட்க வேண்டியதில்லை. மடியிலிருந்த குழந்தையின் அழுகை காதில் விழ வேண்டியதில்லை. தாளைப் பார்த்தால் போதும். மனச்சான்றுக்கு வேலை வைக்காத நிர்வாகத்தை அமைத்துக்கொண்டனர் மேலிடத்தார்.

குரூனிங்கருக்கோ மனச்சான்று ஓய்வெடுக்க மறுத்தது. 1938 ஆகஸ்டில் நடந்த காவல்துறைத் தலைவர்களின் கூட்டத்திலேயே, வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது மனிதநேயத்துக்கு ஒவ்வாது என்று அவர் வாதாடினார். வாதம் எடுபடவில்லை. ஊருக்குத் திரும்பினார். பழைய ரைன் ஆற்றைக் கடந்து, டீப்போல்ட்சாவ் கரையில் நனைந்த உடையோடு வந்து ஏறியவர்கள் அவருக்காகக் காத்திருந்தனர். தடை ஆணைக்கு முன்பே வந்து சேர்ந்தவர் தங்கலாம் என்பது விதி. எனவே அவர்களுடைய தாள்களில், வந்த நாளை முன்தேதியிட்டு எழுதினார். வாளெடுக்கவில்லை, மேடை ஏறி முழங்கவில்லை. தேதியை மாற்றினார். இவ்வாறு உயிர் பிழைத்தோர் பல நூறு பேர் என்பர் சிலர். 3,600 பேர் வரை என்பாரும் உளர்.

பரிசு என்ன கிடைத்தது? 1939இல் பணிநீக்கம், ஓய்வூதியமும் போயிற்று. 1940இல் கடமை தவறினார், ஆவணத்தைத் திருத்தினார் என்று தீர்ப்பு. 300 பிராங்க் அபராதம். காசு வாங்கிக்கொண்டு ஆள் விட்டார் என்று புறம் பேசினர்; அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. நிலையான வேலையின்றி வறுமையில் உழன்றார். 1971இல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம் அவரைச் சிறப்பித்தது. 1972இல் மறைந்தார். மாநில அரசு அவர் பெயரின் களங்கத்தைத் துடைத்தது 1993இல். நீதிமன்றம் அவரை விடுவித்தது 1995இல். தண்டித்த சட்டம் தன் தவற்றை ஒப்புக்கொள்ள 55 ஆண்டுகள் ஆயின. அப்போது அவர் கல்லறைக்குச் சென்று 23 ஆண்டுகள் ஆகியிருந்தன!

அவர் போனபின் எல்லையில் என்ன நடந்தது? 1942 ஆகஸ்டில் கதவு மேலும் இறுகியது. இனத்தின் காரணமாக மட்டும் விரட்டப்பட்டோர் அரசியல் அகதிகள் ஆகார் என்றனர். போர்க்காலத்தில் திருப்பி அனுப்பப்பட்டோர் 20,000 பேருக்கும் மேல் என்று, சுவிட்சர்லாந்து அரசே அமைத்த வரலாற்று வல்லுநர் குழு 2002இல் தன் முடிவுரையில் கூறிற்று. ஆணைப்படி நடந்த கைகள் அவர்களைத் திருப்பின. அக்கைகள்மீது வழக்கில்லை.

மாற்றார் ஒருவர் கேட்கலாம்: “ஒவ்வோர் அதிகாரியும் தன் மனம்போனபடி முத்திரை குத்தினால் நாடு நாடாக இருக்குமா? இன்று இரக்கத்துக்காகத் தேதியை மாற்றுபவர், நாளை இலஞ்சத்துக்காக மாற்ற மாட்டாரா?” கேள்வியைத் தள்ளிவிடுவதற்கில்லை. எல்லை வேண்டும். அதிகாரி வேண்டும். வருவோர் யார் என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. ஆகவேதான் சொல்கிறோம்: ஒரு குரூனிங்கர் தோன்றினார் என்பது அந்த மனிதருக்குப் பெருமை, அவர் தேவைப்பட்டார் என்பது அந்நாட்டுச் சட்டத்துக்குச் சிறுமை. நல்லவர் ஒருவர் பொய் எழுதினால்தான் ஏழை ஒருவன் உயிர் பிழைப்பான் என்னும் நிலையை உண்டாக்கியவர்கள் யார்? ஆற்றங்கரையில் நின்ற காவலரா? தலைநகரில் கூடிச் சட்டம் தீட்டியவர்களா?

அந்தக் கசப்பான பாடத்தை உலகம் பின்னர் ஏட்டில் எழுதியது. 1951இல், அதே சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில், அகதிகள் உடன்படிக்கை உருவாயிற்று. உயிருக்கோ உரிமைக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்கிறது அதன் 33ஆம் பிரிவு.

தொலைதூரத்துக் கதை என்று ஏட்டை மடித்துவிடாதீர்கள். அவ்வுடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கில்லை. 1983க்குப் பின் படகேறி இராமேசுவரக் கரைக்கு வந்த ஈழத் தமிழரை நாம் ஏற்றோம். மண்டபம் முகாமில் இடம் தந்தோம். அரசின் ஆணையும் மக்களின் அன்பும் அவர்களைக் காத்தன. சட்டம் தந்த உரிமை என்று சொல்ல ஏதுமில்லை. உரிய சீட்டின்றி வந்தவரைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்கிறது குடியுரிமைச் சட்டம். 2019இல் வந்த திருத்தம் மூன்று நாடுகளையும் ஆறு சமயங்களையும் பெயர் சொல்லி விலக்களித்தது. இலங்கையிலிருந்து வந்த தமிழர் அந்தப் பட்டியலில் இல்லை. இன்னார் உள்ளே, இன்னார் வெளியே என்று தாளில் பிரித்துவிட்டால், மேசையில் அமர்ந்திருப்பவர் என்ன செய்வார்?

அன்பு ஆட்சிக்கு ஆட்சி மாறும். ஆணை ஒரு கையெழுத்தில் மறையும். சட்டம் நிற்கும். எனவே, தோழர்களே, எல்லையில் இருக்கும் அதிகாரி நல்லவராக அமைய வேண்டுமே என்று ஏங்குவதோடு நம் பணி முடிந்துவிடாது. அவர் நல்லவராக இருந்தால் தண்டனை பெறாத சட்டம் வேண்டும். கல்நெஞ்சராக இருந்தாலும் அகதியைத் துரத்த இயலாத சட்டம் வேண்டும். அச்சட்டம் பிறக்கும் இடம் நாடாளுமன்றம். அங்கு செல்வோரை அனுப்பும் வாக்கும் ஒரு முத்திரையே. அந்த முத்திரை குத்தும் கை, உங்கள் கை!