பதினெட்டு மணித்தியாலம்

வாப்பாவின் கடைக்குத் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வரும் அக்கா ஒருவரின் வலக் கண்ணில் வெள்ளைத் தழும்பு ஒன்று இருக்கிறது. கொழுந்து எடுக்கும்போது தேயிலை வாது குத்தியதாம். இடையில் மலையை விட்டு இறங்கினால் அரைப் பேர்தான் விழும். அதனால் சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டே வேலையை முடித்திருக்கிறார். நாலாம் நாள் வைத்தியசாலைக்குப் போனபோது புண் பழுத்திருந்தது. இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது.

மருந்தை வெளிவிடும் கொன்டாக்ட் லென்ஸ் பற்றி அண்மையில் வாசித்தபோது அவர்தான் நினைவுக்கு வந்தார். நாம் கண்ணில் விடும் சொட்டு மருந்தைக் கண்ணீர் சில நிமிடங்களில் கழுவிவிடும். சிறு பங்குதான் உள்ளே போகும். அதனால் கடுமையான புண்ணுக்கு இரவிலும் மணிக்கொரு தடவை மருந்து விடவேண்டியிருக்கும். பகலெல்லாம் மலையேறிய ஒருவருக்கு லயத்தில் யார் விழித்திருந்து மருந்து விடுவது? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிவரும் லென்ஸ், காயத்துக்குக் கட்டுப்போல இருந்து, கண்ணிலுள்ள நொதியம் பட்டதும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. இது நம் மலைகளுக்கு வந்தால் பெரிய அருள்தான்.

ஆனால் அது இன்னும் ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்கா 2022இல் அனுமதித்த மருந்து லென்ஸ் ஒவ்வாமை அரிப்புக்கானது, காயத்துக்கானது அல்ல. செடி குத்திய கண்ணில் நாமாகவே சாதாரண லென்ஸை வைத்தால் கிருமியும் பங்கசும் பெருக வழியாகும். ஆகவே லென்ஸ் வரும்வரை காத்திருப்பது சரியல்ல என்பதே என் கருத்து.

கையிலிருக்கும் மருந்தே போதும் என்று நேபாளத்தின் பக்தபூர் காட்டியிருக்கிறது. 2001இல் வெளியான அந்த ஆய்வில், கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் மலிவான குளோரம்பெனிக்கோல் களிம்பைப் போட்டார்கள். 18 மணித்தியாலத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை. ஒரு நாள் கழிந்து வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்தது. மருந்து ஒன்றுதான், நேரம்தான் வேறு.

அந்த நேரத்தை நம் தோட்டங்களில் பறிப்பது அரைப் பேர். கண்ணில் அடிபட்டு மருந்துக்குப் போகிறவரின் அன்றைய பேரை வெட்டக்கூடாது. தோட்ட மருந்தகங்களில் அந்தக் களிம்பு எப்போதும் இருக்கவேண்டும். கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்குக் கண்ணாடி கொடுக்கவேண்டும். வீட்டில் நாமும் சொல்லவேண்டும்: கண்ணைக் கசக்காதீர்கள், தாய்ப்பாலோ இலைச்சாறோ விடாதீர்கள், பாமசியில் கேட்டு ஏதோவொரு சொட்டு மருந்தை வாங்காதீர்கள்.

1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா ஆரம்பித்த கண் தானச் சங்கம் உலகமெங்கும் கண்களை அனுப்பி வருகிறது. ஊருக்கெல்லாம் கண் கொடுக்கும் நாட்டில், ஒரு தேயிலை வாதுக்காக ஒருவர் கண்ணை இழக்கலாமா?