மாஸ் கட் அடிச்ச டி.என்.எஸ்.!

காலேஜ்ல ஒருத்தன் மட்டும் கட் அடிச்சா வீட்டுக்கு போன் போகும். கிளாஸே மொத்தமா மாஸ் கட் அடிச்சா? ஹெச்.ஓ.டி.யே இறங்கி வந்து, 'என்னப்பா பிரச்னை?'ன்னு கேட்பார். இதே டெக்னிக்கை இன்டர்நெட் ஆசாமிகள் உலக அளவுல செஞ்சு காட்டினாங்க. நாள்: 2019 பிப்ரவரி 1. பேர்: டி.என்.எஸ். ஃப்ளாக் டே!

மேட்டர் இதுதான். நீங்க டைப் பண்ற வெப்சைட் பேரை ஐ.பி. நம்பரா மாத்தித் தர்றது டி.என்.எஸ். பழைய விதிப்படி, யு.டி.பி.யில வர்ற பதில் 512 பைட்டைத் தாண்டக் கூடாது. அது பத்தலைன்னு 1999-ல இ.டி.என்.எஸ்.ங்கிற நீட்டிப்பு வந்தது. அது தெரியாத சர்வர், 'எனக்குப் புரியலை'ன்னு பதில் அனுப்பினாலே போதும். ஆனா சில சர்வர்களும் ஃபயர்வால்களும் கேள்வியையே முழுங்கிட்டு கம்முனு இருந்தன.

கேட்ட சாஃப்ட்வேர் கொஞ்ச நேரம் காத்திருந்துட்டு, பழைய ஸ்டைல்ல மறுபடி கேட்கும். சைட் லேட்டா திறக்கும், ஆனா திறந்துடும். வம்பே அங்கேதான்! 'அதான் திறக்குதே, எதுக்கு ரிப்பேர்?'னு தப்பு செஞ்சவர் ஹாயா இருப்பார். ஒட்டுப் போடற வேலை அடுத்தவர் தலையில.

ஒரு கம்பெனி மட்டும் 'இனி ஒட்டுப் போட மாட்டேன்'னு சொன்னா என்னாகும்? 'அவங்க சாஃப்ட்வேர்ல திறக்குது, உங்களுதுல திறக்கலையே'ன்னு கஸ்டமர் தாவிடுவார். அதனால பைண்ட், அன்பவுண்ட், பவர்டி.என்.எஸ்., நாட் ரிசால்வர்னு இந்த சாஃப்ட்வேர்களைத் தயாரிக்கிறவங்க கைகோத்தாங்க. பொது டி.என்.எஸ். நடத்தற கூகுள், கிளவுட்ஃப்ளேரும் சேர்ந்தாங்க. 2018-லேயே தேதியை அறிவிச்சு, 'உங்க டொமைன் பாஸா, ஃபெயிலா?'ன்னு பார்க்க ஒரு டெஸ்ட்டும் வெச்சாங்க. அந்த நாள் வந்தது. இன்டர்நெட் ஒண்ணும் இடிஞ்சு விழலை! அந்த தைரியத்துல, பெரிய பாக்கெட் துண்டாகிற தொல்லையைத் தீர்க்க 2020 அக்டோபர் 1-ல அடுத்த ஃப்ளாக் டே நடந்தது. இந்த முறை சிபாரிசு: 1232 பைட்.

நமக்கு என்ன பாடம்? 'நெட் சரியில்லை சார்'னு புலம்பினா, சர்வர்காரர் ஃபயர்வாலைக் கை காட்டுவார், ஃபயர்வால்காரர் சர்வரைக் காட்டுவார். வயர்ஷார்க்ல பிடிச்ச பாக்கெட்டைக் காட்டுங்க. எந்தக் கேள்வி போச்சு, எங்கே நின்னுச்சு, விதி என்ன சொல்லுதுன்னு ஒரே பக்கத்துல எழுதுங்க. அதே கோளாறு இருக்கிற பக்கத்து காலேஜையும் சேர்த்துக்குங்க.

ஊர் கூடினாத்தானே பாஸ் தேர் நகரும்!