இரவுப் படங்களின் நிறம்

நமது கல்லூரி விழாக்கள் பல இரவிலே நடைபெறுகின்றன. அப்பொழுது எடுக்கப்படும் படங்களில் வெள்ளாடையும் மஞ்சளாய்த் தோன்றுவதைக் கண்டு மாணவர் வருந்துகின்றனர். காரணம் எளிது. பகலொளியின் நிறவெப்பம் ஏறக்குறைய 5500 கெல்வின். இழை மின்விளக்கினது 2800. மெழுகுவர்த்தியினது 1900 அளவே. இவ்வேற்றுமையைக் கண்ணும் மனமும் பெரும்பாலும் தாமே சரிசெய்துகொள்ளுகின்றன. காமிராவோ, நாம் உணர்த்தினாலன்றி உள்ளபடி அறியாது. ஆதலின், சாம்பல்நிற அட்டையொன்றை அவ்வொளியில் வைத்துப் படமெடுத்து, அதனைக்கொண்டு வெண்மையைத் திருத்துதல் நன்முறையாம்.

ஆயினும் திருத்தத்திற்கு எல்லையுண்டு. குறைந்த அழுத்தச் சோடிய விளக்கு, 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சளொளி ஒன்றையே பெரிதும் உமிழ்வது. அவ்வொளியில் இல்லாத நீலத்தை எக்கருவிதான் மீட்டுத்தர வல்லது? மீட்டதாகக் காட்டுவது புனைவேயன்றோ!

மேலும், மெழுகுவர்த்தி ஏந்திப் பாடும் கிறிஸ்து பிறப்பு ஆராதனையின் படத்தை முற்றும் வெண்மையாக்கினால், அது நண்பகற் கூட்டம்போல் தோன்றும். நீலம் மிகுந்துவிடின் நம்மவர் முகங்களும் சாம்பல் பூத்துப்போம். பல்லாண்டு கழித்து அப்படத்தைக் காண்போர் அவ்விரவை எங்ஙனம் அறிவர்?

ஆதலின், முகத்தின் இயல்பு நிறம் விளங்குமளவு திருத்துக. சுடரின் பொன்னிறத்தைச் சிறிது விட்டுவைக்க. மிகுதியான மஞ்சளை நீக்குதல் திருத்தம். இரவையே நீக்குதல் பொய் என்பது எமது துணிபு.