இலை பழுக்கும் காலம்

மேனாட்டுப் பருவங்கள் நான்கனுள் ஒன்றை நாம் ‘இலையுதிர்காலம்’ என வழங்கி வருகின்றோம். பாடநூல், செய்தித்தாள், சிறுகதை யாவும் இச்சொல்லையே ஆளுகின்றன. சொல் பிழையுடையதன்று; வட அமெரிக்கரும் இப்பருவத்தை வீழ்தல் எனப் பொருள்படும் ஒரு சொல்லாற் குறிப்பர். ஆயினும், அது நிகழ்ச்சியின் இறுதியை மட்டும் காட்டி, அதற்கு முன் நிகழும் சிறப்பை மறைத்துவிடுகின்றது என்பது எமது கருத்து.

கனடாவில் ஒக்டோபர் மாதத்து இரண்டாந் திங்கட்கிழமை நன்றி நவிலும் நாளாகும். 1957ஆம் ஆண்டுப் பிரகடனம் இந்நாளை இவ்வாறு வரையறுத்தது. சனி, ஞாயிறுடன் இத்திங்களும் சேர மூன்று நாள் ஓய்வு கிட்டுதலின், ரொறன்ரோ நகரத்தார் பலர் குடும்பத்தோடு நாட்டுப்புறம் நோக்கிப் புறப்படுவர். 1893இல் நிறுவப்பட்டு, ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீற்றர் பரந்து கிடக்கும் அல்கொங்குவின் பூங்கா அவர்கள் நாடும் இடங்களுள் ஒன்று. 1983இன் பின் பெருந்தொகையாகச் சென்று குடியேறிய நம்மவரும் இவர்களுள் அடங்குவர். இவர்களெல்லாம் சருகு காணவா செல்கின்றனர்? மேப்பிள் மரங்கள் செக்கச் செவேலென நிற்கும் கோலத்தைக் கண்டு களிக்கவன்றோ செல்கின்றனர்!

அங்கு வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் அத்தகைய பயணமொன்றைப் பற்றி எழுதியிருந்தார். மரங்களுக்கு என்ன நேர்ந்தது என்று அவருடைய சிறு மகள் வினவ, “மரம் காயுது, பிள்ளை” என்றாராம். “இல்லை அப்பா, பூத்த மாதிரியெல்லோ இருக்கு” என்றாளாம் அவள். தந்தைக்கு வேறு சொல் வரவில்லை. அன்று முதல் அம்மரங்களைப் பற்றி அவள் ஆங்கிலத்திலேயே பேசுகின்றாள் என அவர் வருந்தியிருந்தார். குழந்தை கண்டது உண்மை. நாம் அவளுக்குக் கொடுத்த சொல்லே போதாதது.

நடப்பது யாதெனின், பகற்பொழுது குறுகிக் குளிர் மிகும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைகின்றது. இலையிலிருந்த சத்துக்களிற் பெரும்பகுதியை மரம் தன்னுள் மீட்டுக்கொள்கின்றது. பச்சை மறைய, முன்னரே இலையில் உறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகின்றது. சிவப்போ புதிதாகத் தோன்றுவது. வெயிலுள்ள பகலும் தண்ணென்ற இரவும் அமையின் அது மிகும். அந்தோசயனின் என்னும் அந்நிறப்பொருளின் இனமே நம் நாவற்பழத்துக்கும் நிறந் தருகின்றது. இவையெல்லாம் நிகழ்கையிலேயே காம்பின் அடியில் ஒரு பிரிபடை உருவாகின்றது; இலை உதிர்வது ஈற்றிலேயே.

இதற்குத் தமிழில் சொல் இல்லையா? உண்டு. ‘இலை பழுத்தது’ என்று நம் பாட்டிமார் நாள்தோறும் சொல்லினர். கனிக்கும் இலைக்கும் ஒரே வினையை வழங்கும் மொழி நம்முடையது. பழுத்தல் என்பது காய்தலன்று. தன் தொழிலை முடித்து நிறைவெய்துதல். பழுத்தல் மஞ்சளையே குறிக்கும், சிவப்புக்குப் பொருந்தாது என்பார் உளராயின், சிவந்த மிளகாயை மிளகாய்ப்பழம் என்பதை அவர் நினைவுகூர்க. தளிர், இலை, பழுத்த இலை, சருகு எனப் படிப்படியாக வழங்கும் சொற்களிருக்க, ‘உதிர்தல்’ ஒன்றையே பற்றிக்கொள்வானேன்?

இப்பருவத்தைக் கூதிர் எனப் பெயர்த்தெழுதுவாரும் உளர். இது பொருந்தாது. கூதிர் ஐப்பசியும் கார்த்திகையும். அப்பொழுது வடகீழ்ப் பருவமழை பெய்ய, இங்கே வரண்ட நிலமெல்லாம் பசுமை பூணும். அங்கேயோ மரம் வெறுங்கொம்பாகும். மாதம் ஒன்றாயினும் செயல் வேறு. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் ஒருங்கு சேர்த்து முதற்பொருள் என்றார். நிலத்தை விட்டுப் பொழுதைத் தனியே பிரித்து வேறோரிடத்தில் நட்டால் அது வேர்கொள்ளாது.

இதனால் இருபுறத்துப் பிள்ளைகளும் இழக்கின்றனர். யாழ்ப்பாணத்து மாணவன் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்கையும் ஒப்புவிப்பான். தன் வளவு வேம்பு மாசி, பங்குனியில் இலை கொட்டித் துளிர்ப்பதையும், நாட்டு வாதுமையின் இலை சிவந்து பழுத்து வீழ்வதையும் காணான். ரொறன்ரோப் பிள்ளை கார், கூதிர் என ஆறையும் ஒப்புவிப்பாள்; தன் வாசலில் நிற்கும் மேப்பிளைத் தமிழிற் சொல்ல அறியாள். கண்ணுக்கும் சொல்லுக்கும் தொடர்பற்றுப்போன மொழி பரீட்சைக்கு உதவலாம், வாழ்வுக்கு உதவாது. பிள்ளைகள் அதனைக் கைவிடுவதும் வியப்பன்று.

ஆகவே ஆசிரியர்க்கு ஒன்று கூறுவோம். இலையுதிர்காலம் என்னும் சொல்லை நீக்க வேண்டா. அதன் முற்பகுதியை ‘இலை பழுக்கும் காலம்’ எனச் சொல்லிப் பழக்குக. கனடாவில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துவோர், ஒக்டோபரில் ஒரு நாள் ஏட்டை மூடிவைத்துப் பிள்ளைகளைத் தெருவோரத்து மரத்தடிக்கு அழைத்துச் செல்க. இங்குள்ளோர் மாசியில் வேம்படிக்கு அழைத்துச் செல்க. காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. குருத்தோலைகளாகிய அப்பிள்ளைகள் பழுத்த இலையைக் கையில் ஏந்தி, அதன் நிறத்தையும் நரம்பையும் காம்பையும் தம் சொல்லால் நான்கு வரி எழுதட்டும். பருவங்களின் பெயரை அதன்பின் மனனஞ் செய்விக்கலாம்.