புயல்தான் ‘வீக்கன்ட்’... மழை?

ஐப்பசி, கார்த்திகையில் உத்திரமேரூர் ஏரிக்கரையில் நின்று செல்போனில் வானிலை அறிக்கை படிக்கிறவர் கண்ணில் அடிக்கடி படும் ஆங்கிலச் சொல், ‘வீக்கன்’. வலுவிழத்தல் என்று பொருள்.

‘வீக்’ எல்லோருக்கும் தெரியும். ‘பேரன் கணக்குல வீக்’ என்று பாட்டியே சொல்வார். அது ஒரு நிலை. அதன் வாலில் ‘என்’ ஒட்டினால், அந்த நிலைக்குப் போவதைச் சொல்லும் வினைச்சொல். ‘ஷார்ட்’ என்பது ‘ஷார்ட்டன்’ ஆவது மாதிரி. அதனால் ‘தி சைக்ளோன் ஈஸ் வீக்கன்’ என்றால் தப்பு. ‘தி சைக்ளோன் வீக்கன்ட்’ என்றால் சரி. வேகமாகச் சொன்னால் சனி, ஞாயிறு ‘வீக்கெண்ட்’ மாதிரி காதில் விழும், ஜாக்கிரதை!

தமிழில் ஏரிக்கரை தானாக ‘வலுவிழக்கும்’. எலி வளை அதை ‘வலுவிழக்கச் செய்யும்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘வீக்கன்’தான். கரையைப் பற்றிய கவலை இந்த ஊருக்குப் புதிதல்ல. பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டே ஏரி வாரியம் என்று தனிக்குழுவைச் சொல்கிறது.

அறிக்கையில் கூடவே வரும் குட்டிச் சொல் ‘இன்டு’. ‘வீக்கன்ட் இன்டு எ டீப் டிப்ரஷன்’ என்றால், வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக மாறியது என்று அர்த்தம். மனச்சோர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! மணிக்கு 62 கி.மீ.க்குக் குறையாமல் வீசிய காற்று, 51 முதல் 61 கி.மீ.க்குள் இறங்கிவிட்டது. அவ்வளவுதான் சேதி. மழையைப் பற்றி அந்த வார்த்தை வாயே திறக்கவில்லை.

இதைப் புரியவைத்தது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாளே ‘வீக்கன்ட்’ என்று அறிவிப்பு வந்தது. ஆனால் அதே நாளில் திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் உயிர் போனது. கடலை விட்டு எவ்வளவோ தள்ளியிருக்கும் ஊத்தங்கரையில், டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழை. சாத்தனூர் அணை நீர் பாய்ந்து தென்பெண்ணைக் கரை ஊர்கள் மிதந்தன.

மழை தணிவதற்கு ஆங்கிலத்தில் ‘ஈஸ்’, ‘லெட் அப்’ என்று வேறு சொற்கள் உண்டு. அவை வரும்வரை ‘ரெயின்’ என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘ஹெவி’ கனமழை, ‘வெரி ஹெவி’ மிகக் கனமழை. ‘எக்ஸ்ட்ரீம்லி ஹெவி’ என்றிருந்தால், ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல்.